ஒலியொப்புமையும் சொல்லுறவும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் மிக எளியவை பல மிகத் தொன்மையானவை. தந்தை, கால், நெஞ்சம், நூறு முதலியவற்றைக் குறிக்கும் அம்மொழிச் சொற்கள் புலவர் புனைந்தவையல்ல. எழுத்தறியா மக்களின் நாவழியே தலைமுறை தலைமுறையாக வந்தவை.

அவற்றின் பிறப்பிடத்தைத் தேடும் ஆய்வுக்குப் பெருந்தூண்டுதல் கல்கத்தாவில் கிடைத்தது. 1786 பிப்ரவரி 2ஆம் நாள் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழி, கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்றும், அம்மூலம் இன்று மறைந்திருக்கலாம் என்றும் கூறினார். ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளுக்கும் அதுவே மூலமெனப் பின்னர்த் தெளிவாயிற்று.

உறவை நிறுவியது ஒலியொப்புமையன்று, ஒலித்திரிபின் ஒழுங்கே. டென்மார்க்கின் ராஸ்க் 1818இலும், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இலும் இதனை விளக்கினர். மூலத்துப் பகரம் ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' ஆகும். ககரம் 'ஹ' ஆகும். தகரம் பற்களினிடையே உரசும் ஒலியாகும். வடமொழியின் 'பாத' ஆங்கிலத்தில் 'ஃபுட்'. இலத்தீனின் 'கென்டும்' ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்'. வடமொழியின் 'திரி' ஆங்கிலத்தில் 'த்ரீ'.

எனினும் ஒரு முரண் எஞ்சியது. தந்தை, உடன்பிறந்தான் என்னும் பொருளுடைய மூலச்சொற்கள் இரண்டிலும் நடுவே நின்றது தகரமே. பழைய ஆங்கிலத்திலோ உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல் உரசொலி பெற்றது. தந்தையைக் குறிக்கும் சொல் டகரம் பெற்றது. 1875இல் கார்ல் வெர்னர் இதற்கு விடை கண்டார். வேதமொழியில் 'பிராதர்' முதலசையிலும் 'பிதர்' ஈற்றசையிலும் அழுத்தம் பெறும். அழுத்தம் முன்னே வரின் உரசொலி. பின்னே வரின் டகரம். ஐரோப்பியச் சொல்லின் புதிருக்கு வேதத்தின் ஓசை விடையளித்தது! பிற்கால ஆங்கிலம் அவ்வேறுபாட்டை இழந்தது. 'ஃபாட்டர்', 'புரூடர்' என ஜெர்மன் மொழி இன்றும் காக்கின்றது.

செவிக்குச் சிறிதும் ஒவ்வாத சொற்களும் உடன்பிறந்தவையாதல் உண்டு. ஆங்கிலத்தின் 'வீல்', கிரேக்கத்தின் 'குக்லோஸ்', வடமொழியின் 'சக்ரம்' மூன்றும் ஒரே வேரின. அக்கிரேக்கச் சொல்லே 'சைக்கிள்' ஆயிற்று. 'சைக்கிள் சக்கரம்' என்று தமிழர் கூறுங்கால் அவ்வேரின் இரு கிளைகள் தமிழில் விருந்தினராய் அருகருகே நிற்கின்றன.

ஒத்தொலிப்பவை அயலாதலும் உண்டு. 'உடைமை' உணர்த்தும் ஆங்கில 'ஹேவ்', அதே பொருளுடைய இலத்தீன் 'ஹாபேரே' இரண்டும் இரட்டையர் போல் தோன்றும், உறவினவல்ல. ககரம் ஹகரமாகும் விதிப்படி 'ஹேவ்' என்பதன் உறவு, 'பற்றுதல்' எனப் பொருள்படும் 'காபேரே'யுடன்தான்.

தமிழ் ஆர்வலர் பலரை மயக்கும் இணையொன்றும் உண்டு: 'எட்டு', 'எய்ட்'. ஆங்கிலச் சொல் வடமொழி 'அஷ்ட', இலத்தீன் 'ஒக்டோ' ஆகியவற்றின் இனம். தமிழின் வேரோ 'எண்'. எண்பது, எண்ணூறு என்பன அதற்குச் சான்று. கன்னடச் சொல்லிலும் அந்த ணகரம் நிற்கின்றது. 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளைத் தனிக்குடும்பமெனக் காட்டியதும் இத்தகைய ஒழுங்கான ஒப்பீட்டினாலேயே.

ஓசையின் ஒற்றுமையால் இரு சொற்களை இணைத்து இன்பந்தருதல் கவிஞர்க்கு உரிமை. அது எதுகைக்கு அழகு. அதனையே வரலாறாக்குதல் தமிழுக்குப் பெருமை சேர்க்காது. பிறமொழிச் சொல்லைத் தமிழெனக் காட்ட முயல்வார், எண்பதுக்குள் நிற்கும் தம் வேரைக் காணாது போவர்.