அறம் ஊருக்கு ஒன்றா, உலகுக்கு ஒன்றா?

அறம் என்பது மனிதர் எல்லோருக்கும் பொதுவானதா, அல்லது அந்தந்த ஊர் வழக்கமும் ஆட்களின் அபிப்பிராயமும்தானா? நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். மும்பையில் பாத்திரக்கடை நடத்தும் தமிழ்ச் சமணன். கடை அனுபவமும், ஓய்வு நேரத்தில் படித்த நூல்களும் சொல்வதை இங்கே வைக்கிறேன்.

முதலில் கடை விஷயம். பழைய நாளில் அளவைகள் ஊருக்கு ஊர் மாறும். சோழர் கல்வெட்டுகளில் ராஜகேசரி, ஆடவல்லான், அருமொழிதேவன் என்று மரக்காலுக்கே பல பெயர்கள். 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்த பிறகுதான் மெட்ரிக் முறை நாடெங்கும் படிப்படியாகப் பரவியது. ஆனால் எந்த மரக்காலாக இருந்தால் என்ன? வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று வைத்தால் அது திருட்டுதானே! உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் கள்ள அளவையைக் கள்ளாமை விரதத்தின் குற்றங்களில் ஒன்றாக எண்ணுகிறது. ஆக, மரக்காலின் கொள்ளளவு ஊர் வழக்கம். அளவில் நேர்மை பொது அறம்.

இது சுலபமான உதாரணம். கஷ்டமானது எங்கள் சமயத்திலேயே இருக்கிறது. அதுதான் சல்லேகனை, அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர் விடுதல். செஞ்சி அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டு உள்ளது. சிரவணபெளகொளவில் இத்தகைய நினைவுக் கல்வெட்டுகள் ஏராளம். வடநாட்டில் இதைச் சந்தாரா என்பார்கள்.

2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதனைத் தற்கொலையாகக் கருதி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதே மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. இடையில் நாடெங்கும் சமணர்கள் மௌன ஊர்வலம் போனார்கள். அப்போது பலர் சொன்ன வாதம், "இது எங்க வழக்கம், வெளியாள் தலையிடக் கூடாது" என்பது.

இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. 1829-இல் பெண்டிங் பிரபு உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தபோது எதிர்த்தவர்களும் வழக்கத்தைக் காட்டித்தான் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1832-இல் மனு தள்ளுபடியானது. பழமை ஒன்றே போதும் என்றால் அது உடன்கட்டைக்கும் போதுமே!

எங்கள் நூல்கள் வழக்கத்தைக் காரணமாகக் காட்டவில்லை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதைத் தழுவிய தமிழ் அருங்கலச்செப்பும் நிபந்தனைகளை விதிக்கின்றன. நீக்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராத நோய் ஆகியவை வந்தால்தான் இந்த நோன்பு. சீக்கிரம் சாக வேண்டும் என்று விரும்புவதும் அதில் ஒரு குற்றம்.

இந்த அளவுகோலை எங்கும் வைத்துப் பார்க்கலாம். வெண்ணிப் போரில் புறப்புண் பட்டு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் வீரன்தான்; ஆனால் அவன் செய்தது சல்லேகனை ஆகாது. கணவன் சிதையில் ஏற்றப்பட்ட பெண்ணுக்குத் தீராத நோயும் இல்லை, மூப்பும் இல்லை. அதே கோலை எங்கள் வீட்டுக்குள்ளும் வைக்கத்தான் வேண்டும். குடும்பப் பெருமைக்காக ஒரு பாட்டியை நோன்பில் உட்கார வைத்தாலும், விவரமறியாக் குழந்தைக்காகப் பெற்றோர் விரதம் ஏற்றாலும் அது அறமன்று. நம்மவர் செய்தார் என்பதற்காக விட்டுவிட முடியாது.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், தீரா நோயில் செயற்கை உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. அங்கும் கேட்பது தெளிந்த மனம், சொந்த விருப்பம், தீராத நோய். சமயநூல் படிக்காத சட்டமும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்கிறது பாருங்கள்.

"அநேகாந்தம் பேசுகிற நீங்கள் எல்லாக் கருத்தும் சரி என்றுதானே சொல்லணும்?" என்பார்கள். யானையைத் தடவிய குருடர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், வாஸ்தவம். அதனால் யானை நாலாகி விடவில்லை. அவரவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்து யானையை அறிய வேண்டும் என்பதே அநேகாந்தம். அறத்துக்கும் அப்படித்தான். வழக்கங்களைக் கேட்போம், மதிப்போம். தீர்ப்பை மட்டும் பொது அளவுகோலால் சொல்வோம், முதலில் நமக்கு.