முடியாட்சி மறைந்த மண்ணில் முடிமன்னர் கதைகள்

சேலம், நாமக்கல் சமவெளியில் சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால், அக்கோட்டைகளுக்கு உரிய மன்னர் எவரும் இல்லாமற் போய் இரண்டேகால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடு இப்பகுதியின் முதல் கலெக்டரானார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் கருக்கொண்டது. பின்னர் நிலம் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டது. அரசர் இருந்த இடத்தில் மிட்டாதாரும் ஜமீன்தாரும் வந்தனர். இறுதியில் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவர்களையும் அகற்றியது.

இத்தகைய மண்ணில்தான் இளவரசரும் இளவரசியரும் தளபதிகளும் ராஜகுருக்களும் நிறைந்த கற்பனைக் கதைகள் பெருவெள்ளமாய்ப் பெருகின. திருச்செங்கோட்டில் 1907இல் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. 'உத்தமபுத்திரன்' (1940), 'மனோன்மணி' (1942), 'மந்திரி குமாரி' (1950), 'சர்வாதிகாரி' (1951) என அரண்மனைக் கதைகள் அவற்றுள் சிறப்பிடம் பெற்றன. அரசாட்சி அற்றுப்போன நாட்டில் அரச கதைகளுக்கு ஏன் இத்தனை வரவேற்பு? இவ்வினா நம் இலக்கிய வரலாற்றோடும் தொடர்புடையது.

ஏனெனில் இக்கதை மரபில் நமக்கும் பங்குண்டு. தமிழ் முஸ்லிம் புலவர்கள் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனப் புதிய இலக்கிய வகைகளைத் தமிழுக்கு வழங்கினர். மதாறு சாகிபு புலவரின் 'யூசுபு நபி கிஸ்ஸா' போன்றவை வாய்விட்டு ஓதவும் கூடியிருந்து கேட்கவும் ஏற்றவை. உரைநடை காலத்திலும் நாம் பின்தங்கிவிடவில்லை. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்த ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியின் வழக்கறிஞரும் 'முஸ்லிம் நேசன்' இதழின் ஆசிரியருமான சித்திலெப்பை 'அஸன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்டார். எகிப்தின் உயர்குடியில் பிறந்த அஸன் பெற்றோரைப் பிரிந்து வளர்கிறான். பல நகரங்களில் அலைகிறான். முடிவில் தன் பிறப்புரிமையை அடைகிறான். தமிழ் நாவலின் தொட்டில் பருவத்திலேயே உயர்குடிப் பிள்ளையின் அற்புதக் கதை இடம்பெற்றுவிட்டது.

அறிஞர் பெருமக்கள் இத்தகைய கதைகளை எப்போதும் மதித்ததில்லை. ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) பக்தாதில் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம், ஆயிரத்தோரு இரவுகளின் மூலமாகக் கருதப்படும் 'ஹஸார் அஃப்ஸான்' என்ற பாரசீகக் கதைத் தொகுதியைக் குறிப்பிடுகிறார். அதனைத் தாம் முழுமையாகப் பலமுறை கண்டதாகவும், அது சுவையற்ற நூல் என்றும் எழுதுகிறார். ஆயினும் அவர் பழித்த கதை அழியவில்லை, உலகெங்கும் பரவியது.

பரவிய விதமும் வியப்புக்குரியது. அலிபாபா கதை அரபு மொழியின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் கிறிஸ்தவர் 1709இல் பாரிஸில் அதனை வாய்மொழியாகக் கூற, அந்துவான் கலான் குறித்துக்கொண்டு, தம் பிரெஞ்சு நூலில் 1717இல் வெளியிட்டார். பாரிஸில் அச்சேறிய அக்கதை 1956இல் சேலத்தில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆயிற்று. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அதுவே தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். தமிழ்த்திரை முழுமையாக வண்ணம் பூண்ட முதல் வேளையில் அது காட்டியது ஓர் அரபுக் கதையுலகை என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, ஈர்ப்பின் காரணத்தை ஆராய்வோம். 'உத்தமபுத்திரன்' கதையில் இரட்டையராய்ப் பிறந்த இளவரசர் இருவர். அரண்மனையில் வளர்ந்தவன் கொடுங்கோலனாகிறான். வெளியே எளியோரிடையே வளர்ந்தவன் நல்லவனாகிறான். பி. யு. சின்னப்பா இரு வேடங்களையும் ஏற்றார். பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது இது. கொடுங்கோலனும் நல்லவனும் ஒரே முகம் உடையோர் என்பது எளிய மக்களுக்கு எவ்வளவு ஆறுதலான கற்பனை! அதிகாரத்தின் முகம் மாற வேண்டியதில்லை. உள்ளம் மாறினால் போதும் என்று அது கூறுகிறது. வரி கேட்பவரையும் நீதி கேட்கச் செல்ல வேண்டிய அலுவலகத்தையும் கண்டு அஞ்சிய மக்களுக்கு, மாறுவேடத்தில் வீதிக்கு வந்து குறை கேட்கும் அரசன் ஒரு முறையீட்டு மனு போன்றவன். அவர்கள் விரும்பியது அரசனையன்று. தம் சொல் சென்று சேரும் நீதியை.

ஆனால் இக்கற்பனைக்கு ஒரு விலையும் உண்டு. நல்லாட்சி நல்ல இரத்தத்திலிருந்து வரும் என்ற நம்பிக்கையையும் அது ஊட்டுகிறது. திரையின் நாயகனையே மீட்பராகக் காணும் மனப்பாங்கு இங்கே வேரூன்றியது. 'மந்திரி குமாரி'க்கு உரையாடல் எழுதிய மு. கருணாநிதி 1969இலும், அதில் தளபதியாக நடித்த எம்.ஜி.ஆர். 1977இலும் தமிழகத்தின் முதலமைச்சர்களாயினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மறுபுறம், குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். ஜமீன்தாரும் தேர்தல் களத்திற்கு வரவேண்டிய காலம் அது. நிலத்தில் பிறப்புரிமை தளர்ந்துகொண்டிருக்க, திரையில் அது மெருகேறிக்கொண்டிருந்தது.

எனவே அரச கதைகள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. சிறப்பை எங்கே வைக்கின்றன என்று பார்த்தே அவற்றை எடைபோட வேண்டும். அஸனும் உத்தமபுத்திரனும் ஈற்றில் பிறப்பால் உயர்வு பெறுகின்றனர். அலிபாபா கதையிலோ அடிமைப் பெண்ணான மர்ஜியானாவின் அறிவே குடும்பத்தைக் காக்கிறது. 'மந்திரி குமாரி'யில் பட்டத்துக்குரியோர் தயங்கி நிற்க, அமைச்சரின் மகள் துணிகிறாள். இவை இரண்டும் அரண்மனைப் பகட்டினூடே வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன.

இதற்கான உரைகல் நம்மிடமே உண்டு. திருக்குர்ஆன் மிக அழகிய வரலாறாகச் சுட்டும் யூசுப் (அலை) அவர்களின் வரலாறு கற்பனையன்று; அதனைப் புனைகதைகளோடு இணைவைத்தல் தகாது. ஆயினும் அதிலும் பெற்றோரைப் பிரிந்த பிள்ளை உண்டு, அரண்மனையும் உண்டு. அந்த நபி பதவி பெற்றது பிறப்பாலன்று. களஞ்சியங்களைக் காக்கும் நேர்மையும் அறிவும் தம்மிடம் இருப்பதையே அவர் தகுதியாக முன்வைத்தார். பஞ்ச காலத்தில் மக்கள் பசியாறியது அந்தத் தகுதியால்தான்.

இன்று மாடர்ன் தியேட்டர்ஸ் இல்லை. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது. மலிவுத் தாளில் அச்சான கிஸ்ஸா நூல்களும் பழைய வீடுகளின் பரண்களில் பொடியாகி வருகின்றன. பாமரர் கதைகள் என்று ஒதுக்கினால், தம் முன்னோர் எத்தகைய நீதிக்கு ஏங்கினர் என்பதை வருங்காலத் தலைமுறை அறிய வழியின்றிப் போகும். இப்னு நதீம் அந்நூலைப் பழித்தார். ஆயினும் தம் பட்டியலில் அதற்கு இடமளித்தார். அவர் அதைப் பதியாமல் விட்டிருந்தால் அதன் தொன்மைக்கு நாம் பெரிதும் நம்பியிருக்கும் சான்று ஒன்று இல்லாமற் போயிருக்கும். நாமும் முதலில் பட்டியலிடுவோம். தீர்ப்பு வழங்குதல் பிறகு நிகழட்டும்.