ஏற்றம் முதல் ஆழ்துளைக் கிணறு வரை

அறிவியலின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் ஏதென்சிலோ இலண்டனிலோ தொடங்குவர். ஒட்டன்சத்திரத்துச் சமவெளியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு பழைய கிணற்றின் விளிம்பிலிருந்தும் அவ்வரலாற்றைத் தொடங்கலாம். கிணற்றின் மேட்டில் கவலை பூட்டிய கல்தூண்கள் நிற்கும். பாதி ஆழத்தில் மோட்டார் அமர்ந்திருந்த சிமெண்டு மேடை தெரியும். அடித்தளத்தில் துளையிட்டு இறக்கிய குழாயின் வாய் திறந்திருக்கும். மேலிருந்து கீழே நோக்கினால், பண்டைக் காலம் முதல் இக்காலம் வரை தொழில்நுட்பம் வளர்ந்த வரிசை அப்படியே அடுக்கடுக்காகப் புலப்படும். அந்த வரிசையில் மனிதன் பெற்றவையும் உண்டு, இழந்தவையும் உண்டு.

வன்புலமும் கூவலும்

ஒட்டன்சத்திரம் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. தெற்கே பழனி மலைத்தொடர் அரணாக நிற்கிறது. மேல்மண் நீங்கினால் கீழே கடும்பாறை. ஆண்டு முழுதும் ஓடும் பேராறு இங்கு இல்லை. ஆகவே வேளாண்மை என்பது இம்மண்ணில் கிணற்றோடு பிணைந்தே வளர்ந்தது.

இவ்வேளாண்மையின் தொன்மைக்குப் பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் சான்று பகர்கிறது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடியில் நெல் வைக்கப்பட்டிருந்தது. கரிமக் கணிப்பின்படி அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 490. எழுத்துப் பொறித்த தாங்கியும் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும் அவ்வகழாய்வில் கிடைத்தன. நெல் விளைவிக்கவும், கண்ணாடி உருக்கவும், தமிழ் எழுத்தைப் பொறிக்கவும் அறிந்த மக்கள் இம்மலையடிவாரத்தில் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தனர் என்பது இதனால் விளங்கும்.

கொங்கர் வன்னிலத்தைக் குந்தாலியால் குழித்துக் கூவல் தோண்டியதையும், கயிறு கட்டிய முகவையால் இறைத்த சிறிதளவு நீரை ஆநிரை மொய்த்ததையும் பதிற்றுப்பத்து காட்டுகிறது. பாறையைப் பிளக்க உறுதியான இரும்பு வேண்டும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இரும்பு உலைக்கும் பாறைக் கிணற்றுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கொல்லன் இல்லையேல் கிணறு இல்லை. கிணறு இல்லையேல் ஊர் இல்லை.

எண்ணி இறைத்த காலம்

கயிறும் முகவையும் கொண்டு கையால் இறைத்த மனிதன் அடுத்து நெம்புகோலைக் கண்டான். அதுவே ஏற்றம். நெடிய மரத்தின் ஒரு முனையில் சாலைக் கட்டி, மறுமுனையின் எடையைக் கொண்டு அதனை உயர்த்தும் முறை நைல் ஆற்றங்கரையிலும் தொன்மைக் காலத்தில் வழங்கியது. தமிழகத்து ஏற்றத்தில் மனிதன் மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடந்து, தன் உடலையே எதிரெடையாக்கினான்.

ஏற்றத்தோடு பாட்டும் பிறந்தது. ஏற்றப்பாட்டை உழைப்பின் களைப்பைப் போக்கும் இசை என்று மட்டும் கருதுவது குறைவுடைய கருத்தாகும். இறைத்த சால்களின் எண்ணிக்கை அப்பாட்டின் அடிகளிலேயே கோக்கப்பட்டிருந்தது. எத்தனை சால் இறைத்தால் எந்த வயல் நனையும், எப்போது கிணறு ஓய வேண்டும் என்னும் கணக்கைப் பாட்டே காத்தது. ஏற்றம் இறைப்போன் பாடிய பாட்டின் அடுத்த அடியை அறியக் கம்பர் காத்திருந்தார் என்று மக்கள் வழங்கும் கதை, அக்கலைக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

கிணறு ஆழமானபோது ஏற்றத்தின் மரம் எட்டவில்லை. கவலை அவ்விடத்தை நிரப்பியது. எருதுகள் சரிவான பாதையில் இறங்கும்போது தம் உடல் எடையையும் சேர்த்து இழுக்கும். வடக்கயிற்றின் மேல் ஓட்டுவோன் அமர்ந்து தன் எடையையும் கூட்டுவான். சாலின் அடியிலுள்ள தோல்வாலை மற்றொரு கயிறு மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கும். சால் மேலே வந்ததும் வால் தானாகத் தொட்டியில் நீண்டு நீரைக் கொட்டிவிடும். நீரைக் கவிழ்க்கத் தனியாள் தேவையில்லை. தச்சர், கொல்லர், தோல் தொழிலாளர், கயிறு திரிப்போர், பாறை உடைப்போர் ஆகிய பலரின் நுண்ணறிவு ஒன்றுகூடிய எந்திரம் அது. எனினும் அவர்களுள் ஒருவர் பெயரையும் வரலாறு குறித்து வைக்கவில்லை.

முப்பத்துநான்கு அடி

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் நீர் இறைப்பதே அறிவியலைத் தூண்டியது. உறிஞ்சு குழாய் எத்துணைச் சிறப்பாகச் செய்யப்பட்டாலும் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த மறுப்பதை இத்தாலிய நாட்டுத் தொழிலாளர் கண்டனர். கலிலியோ இதனைத் தமது 1638ஆம் ஆண்டு நூலில் குறிப்பிட்டார். அவருடைய மாணவர் டோரிசெல்லி 1643இல் பாதரசத்தைக் கொண்டு விடை கண்டார். குழாய் நீரை இழுப்பதில்லை. வெளியே உள்ள காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் ஏறத்தாழ 34 அடி மட்டுமே.

இங்கிலாந்தில் சுரங்கங்களில் தேங்கிய நீரை வெளியேற்றவே 1712இல் நியூகோமன் நீராவி எந்திரத்தை நிறுவினார். ஜேம்ஸ் வாட் அதனைச் செப்பனிட்டு 1769இல் காப்புரிமை பெற்றார். தொழிற்புரட்சியின் பேரெந்திரமே நீர் இறைக்கப் பிறந்த ஒன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தமிழகத்துக் கைவினைஞனுக்கும் இத்தாலியத் தொழிலாளிக்கும் கைத்திறனில் வேறுபாடு பெரிதில்லை. அங்கே தொழிலாளியின் ஐயம் அறிஞரின் மேசைக்குச் சென்றது, எழுதப்பட்டது, அளக்கப்பட்டது. இங்கே அவ்விருவருக்கும் இடையே பாலம் அமையவில்லை.

அறிவியல் இவ்வட்டாரத்திற்கு வந்தபோதும் முதலில் மலைமேல்தான் அமர்ந்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்திற்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் வேட்கை வலுப்பெற்றது. அதன் விளைவாக எழுந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901இல் பணியைத் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வளிமங்கள் ஆரப்போக்கில் பாய்வதை 1909இல் அங்கே எவர்ஷெட் கண்டறிந்தார். உலகம் போற்றும் அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த நாளில், அம்மலையின் கீழிருந்த சமவெளியில் எருதுகள் கவலைப் பாதையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.

எண்ணெயும் மின்சாரமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளர் எண்ணெய் எஞ்சினால் பாசன நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முனைந்தார். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோவையின் ஆலைகளையும் பட்டறைகளையும் வளர்த்தது. 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினர். விடுதலைக்குப் பின் மின்கம்பங்கள் சிற்றூர்களை நாடின. கவலைச் சாலின் இடத்தில் பம்புசெட் அமர்ந்தது.

இம்மாற்றம் தந்த நன்மை பெரிது. எருதும் ஆளும் நாள் முழுதும் இறைத்த நீரை மோட்டார் சிறிது நேரத்தில் இறைத்தது. தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை எனக் காய்கறி வேளாண்மை தழைத்தது. கேரளம் வரை காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தையின் வளத்திற்கு அடிப்படை இந்த மோட்டார்களே எனல் மிகையன்று.

நீர்மட்டம் இறங்கியபோது உழவர் ஓர் உண்மையை எதிர்கொண்டனர். கரைமேல் இருந்த மோட்டார் நீரை எடுக்க மறுத்தது. கிணற்றின் பாதியில் மேடை அமைத்து மோட்டாரைக் கீழே இறக்கியதும் நீர் வந்தது. டோரிசெல்லியின் 34 அடி விதியை, பாடநூல் பாராமலே, இவ்வட்டாரத்து உழவர் தம் கிணற்றிலேயே கண்டுகொண்டனர். பழைய கிணறுகளின் நடுவே தெரியும் சிமெண்டு மேடை அந்த அறிவின் சின்னமாகும்.

ஆயிரம் அடி

நீருக்குள்ளேயே இருந்து நீரை மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் வந்தபின் 34 அடி எல்லையும் அகன்றது. அழுத்தக் காற்றால் பாறையைத் துளைக்கும் போர்வெல் லாரிகள் வந்தன. பல மாதம் வெடிவைத்து வெட்டிய ஆழத்தை ஓர் இரவுக்குள் கடந்தன. துளைகள் ஆயிரம் அடியைத் தொட்டன.

இங்கே ஓர் எளிய கணக்கு பயன்படும். 5 குதிரைத்திறன் மோட்டாரின் ஆற்றலில் பாதி வீணாவதாகக் கொண்டாலும், 10 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 68,000 லிட்டர் நீரை அது இறைக்கும். அதே ஆற்றல் 300 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆயிரம் அடி ஆழத்திலிருந்து மணிக்கு 2,300 லிட்டரையே உயர்த்தும். தொடர்ந்து உழைக்கும் மனிதனின் ஆற்றல் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. அவன் 10 மீட்டர் கிணற்றிலிருந்து ஒரு மணியில் உயர்த்தக்கூடிய நீரும் ஏறத்தாழ இதே அளவே. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில்நுட்ப வளர்ச்சி முழுவதும் ஆழத்தை ஈடுசெய்வதிலேயே செலவாகி, உழவனின் கைக்கு வரும் நீர் ஏற்றக்காரனின் அளவுக்கே திரும்பிவிடுகிறது.

இதற்குக் காரணம் இயந்திரம் அன்று. எண்ணிக்கை மறைந்ததே காரணம். ஏற்றத்திற்கு மனிதனின் களைப்பு எல்லையாக இருந்தது. கவலைக்கு எருதின் மூச்சு எல்லையாக இருந்தது. அந்த ஓய்வு நேரத்தில் கிணறு ஊறியது. மோட்டாருக்குக் களைப்பில்லை. மின்கட்டணச் சுமையை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர் போராடினர். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. கடனில் உழன்ற குடும்பங்களுக்கு அது உயிர்மூச்சாக அமைந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் இறைத்ததைக் காட்டும் கடைசி அளவுகோலும் அத்துடன் நீங்கியது.

கடும்பாறையில் நீர், மேலேயுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறையும். ஒருவர் துளையில் வற்றும் நீர் அயலார் கிணற்றிலும் வற்றும். ஆழ்துளை பொய்த்தால் எஞ்சுவது கடன் மட்டுமே.

மீண்டும் எண்ணுதல்

தொழில்நுட்பத்தைத் துறந்து ஏற்றத்திற்குத் திரும்புவது தீர்வாகாது. எருதின் முதுகிலும் மனிதனின் தோளிலும் மீண்டும் சுமையை ஏற்ற எவரும் விரும்பார். தேவை, அறிவியலின் மறுபாதி. இதுகாறும் உயர்த்தும் அறிவு வளர்ந்தது. இனி அளக்கும் அறிவு வளர்தல் வேண்டும். வேருக்கு வேண்டிய நீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணித் தரும் சொட்டுநீர்ப் பாசனம் அவ்வகையது. வயலில் ஒரு மழைமானியும், கிணற்றுச் சுவரில் அடிக்கோடும், மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பும் ஒரு வாய்க்காலும் பெருஞ்செலவு வேண்டாதவை. ஓர் ஊரார் ஒன்றுகூடித் தம் கிணறுகளின் மட்டத்தைத் திங்கள்தோறும் குறித்து வைப்பார்களாயின், மலைமேல் அமர்ந்த அறிவியல் சமவெளிக்கு இறங்கியதாகும்.

கவலையின் தூண்கள் மண்ணில் சாய்ந்துவிட்டன. வடக்கயிறு மக்கிப்போயிற்று. ஏற்றப்பாட்டு மட்டும் நாட்டுப்புற இலக்கியத் தொகுப்புகளில் எஞ்சி நிற்கிறது. இலக்கியம் அதனைப் பாட்டாகப் பேணியது. அதனுள்ளே கணக்கும் இருந்தது என்பதை உணர்தல் இத்தலைமுறையின் கடன். பொருந்தலில் சாடி நிறைய நெல்லை விட்டுச் சென்ற மக்களின் வழியினர், தம் பின்னோருக்கு வெறுந்துளைகளை விட்டுச் செல்லல் தகாது.