ஜப்பான்ல ரோட்டுக்கும் ஒரு ஸ்டேஷன்

இந்த எபிசோட் ஒரு பாத்ரூம் பிரேக்ல இருந்து ஆரம்பிக்குது.

ஜப்பான் ரோடு ட்ரிப். இவாத்தே மாகாணத்துல கடலோரமா போற 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அவசரத்துக்கு வண்டிய நிறுத்தின ஊர் ரிக்குசென்தகாதா. நிறுத்தின இடத்துக்குப் பேரு 'மிச்சி நோ எக்கி'. அதாவது, சாலை நிலையம்.

'எக்கி'ன்னா இன்னைக்கு ரயில்வே ஸ்டேஷன். ஆனா அந்த எழுத்துக்குள்ள ஒரு குதிரை இருக்கு! ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, அரசு தூதர்கள் குதிரை மாத்துற இடம்தான் எக்கி. சுமார் 16 கிலோமீட்டருக்கு ஒண்ணு. எதோ காலத்துல, இன்னைய டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவுல தொக்காய்தோ சாலையில மட்டும் 53 தங்கல் ஊர்கள் இருந்துச்சு. 1872ல ரயில் வந்தது. அந்த வார்த்தையும் ரயில் ஏறிடுச்சு.

1963ல எக்ஸ்பிரஸ்வே திறந்தாங்க. அதுல ஓய்விடம் உண்டு. சாதாரண ரோட்டுல? ராத்திரி லாரி ஓட்டுறவங்களும் வயசானவங்களும் எங்க நிறுத்துவாங்க? 1990ல ஹிரோஷிமாவுல நடந்த ஒரு கூட்டத்துல ஒருத்தர் கேட்டது இதுதான்: ரயிலுக்கு ஸ்டேஷன் இருக்கு, ரோட்டுக்கு ஏன் இல்ல? அடுத்த வருஷமே சோதனை முயற்சி. 1993ல 103 இடங்களுக்கு அதிகாரப்பூர்வ பதிவு. இன்னைக்கு 1,200க்கு மேல.

விதிமுறை ரொம்ப சிம்பிள். 24 மணி நேரமும் இலவச பார்க்கிங், கழிப்பறை. கூடவே பயணத் தகவல். இதோட அந்த ஊருக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கணும். அதனாலதான் உள்ள போனா பக்கத்து கிராமத்துக் காய்கறி, விளைவிச்சவர் பேரோட இருக்கும். இளைஞர்கள் நகரத்துக்குக் கிளம்பிப்போன ஊர்கள்ல, மிச்சம் இருக்கிற விவசாயிக்கு இது ஒரு சந்தை.

2004 நீகாதா நிலநடுக்கத்தப்போ இன்னொண்ணும் புரிஞ்சுது. பெரிய பார்க்கிங், கழிப்பறை, தகவல் பலகை: வீடு இழந்தவங்களுக்குத் தேவையானது ஏற்கனவே இங்க இருக்கு!

ஆனா 2011 மார்ச் 11ல, நான் நின்ன ஊரோட நிலையத்தையே சுனாமி மூழ்கடிச்சுது. ஊர்ல 1,700க்கும் மேற்பட்டவங்க போயிட்டாங்க. பழைய கட்டடத்த இடிக்கல. சிதைஞ்ச நிலையிலயே நினைவுச்சின்னமா நிக்குது. 2019ல புது நிலையம் திறந்தாங்க, சுனாமி அருங்காட்சியகத்தோட சேர்த்து.

பாத்ரூமுக்கு இறங்கினவன், ஒரு மணி நேரம் கழிச்சுதான் கார்ல ஏறினேன். காய்கறி அடுக்குல விவசாயிங்க பேர் இருந்துச்சு. சுனாமி வந்த ஊர்ல மறுபடி விதைச்சவங்க பேர் அது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.