பென் நெவிஸ் வானிலை ஆய்வகம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம், ஃபோர்ட் வில்லியம் என்ற சிற்றூருக்கு மேலே எழுந்து நிற்கும் பென் நெவிஸ் மலையின் உச்சியில் 1883 முதல் 1904 வரை இயங்கிய வானிலை ஆய்வகம் இது. மலையின் உயரம் 1,345 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. ஏறத்தாழ 21 ஆண்டுகள், மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும் இங்கே அளவீடுகள் எடுக்கப்பட்டன. புயலை முன்கூட்டிச் சொல்லும் நோக்கத்தோடு கட்டப்பட்ட ஆய்வகம் அந்த வேலையில் பெரிதாக வெற்றி பெறவில்லை. இன்று அது பேசப்படுவதற்குக் காரணங்கள் வேறு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்வளியைப் பற்றிய அறிவு மிகக் குறைவு. கருவிகளைத் தாங்கி மேலே சென்று வானொலி வழியே செய்தி அனுப்பும் பலூன்கள் வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. ஆள் ஏறிச் செல்லும் பலூனோ சில மணி நேரமே மேலே நிற்கும். உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே கருவிகளை உயரத்தில் நிரந்தரமாக வைக்க மலையுச்சியை விட்டால் வேறு இடம் இல்லை. அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் 1870லும், பிரான்சில் பூய் த டோம் மலையில் 1876லும் நிலையங்கள் தொடங்கப்பட்டிருந்தன. அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயல்கள் முதலில் மோதும் பகுதியில் நிற்பதால் பென் நெவிஸ் பொருத்தமான இடம் என்று ஸ்காட்லாந்து வானிலையியல் கழகம் கருதியது. கழகத்தின் டேவிட் மில்ன் ஹோம் 1877இல் யோசனையை முன்வைத்தார். கழகத்தின் இன்னொரு முக்கிய உறுப்பினரான தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர், நாவலாசிரியர் ஆர். எல். ஸ்டீவன்சனின் தந்தை. வெப்பமானிகளை வெயிலும் மழையும் நேரே படாமல் காக்கும் சட்டமிட்ட வெள்ளைப் பெட்டி, உலகெங்கும் இன்றும் ஸ்டீவன்சன் பெட்டி என்றே வழங்குகிறது. உச்சியில் ஒரு கட்டடத்துக்கு அவர் வரைபடமும் தந்தார். இருந்தது வரைபடம், இல்லாதது பணம்.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் கிளமென்ட் ராக். நெடிய உருவம், செம்பட்டைத் தலை, எதற்கும் வளையாத பிடிவாதம். 1881 ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஒவ்வொரு நாளும் தானே மலையேறி அளவீடு எடுப்பதாகக் கழகத்திடம் சொன்னார்; சொன்னபடியே செய்தார். விடியுமுன் புறப்படுவார், வழியில் பல உயரங்களில் நின்று வெப்பமானிகளைப் பார்ப்பார், காலை ஒன்பது மணிக்கு உச்சியில் இருப்பார். அதே நேரத்தில் கீழே ஃபோர்ட் வில்லியத்தில் அவர் மனைவி அளவீடு எடுப்பார். இரண்டையும் ஒப்பிட்டால்தான் உயரத்தின் விளைவு தெரியும் என்பதால், அந்த அம்மாளின் பங்கு ராக்கின் பங்குக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் புகழ் முழுவதும் ஏறியவருக்கே போனது. கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1882லும் இந்த ஏற்றம் தொடர்ந்தது. ஒரு தனி மனிதன் நாள்தோறும் மழையிலும் பனியிலும் மலையேறுகிறான் என்ற செய்தி பத்திரிகைகளில் பரவ, பொதுமக்கள் நன்கொடை திரண்டது. விக்டோரியா மகாராணியும் கொடுத்தார். உச்சிக்குக் குதிரை போகும் பாதை ஒன்று வெட்டப்பட்டது. ஏறிப் பார்க்க வருபவர்களிடம் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வசூலித்துப் பராமரிப்புக்குப் பயன்படுத்தினார்கள்.

1883 அக்டோபர் 17 அன்று ஆய்வகம் திறக்கப்பட்டது. கண்காணிப்பாளர் பதவிக்கு ராக் விண்ணப்பித்தார். பதவி ராபர்ட் ஓமண்ட் என்பவருக்குப் போனது. ராக் ஆஸ்திரேலியா சென்று குயின்ஸ்லாந்தின் அரசு வானிலையாளர் ஆனார். அங்கே கோசியஸ்கோ மலையுச்சியில் 1897இல் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். புயல்களுக்கு ஆட்களின் பெயர் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவரும் இவரே. தமக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்களை அவர் புயல்களுக்கு வைத்தது தற்செயல் அல்ல.

ஆய்வகக் கட்டடம் வெளியே தடித்த கற்சுவரும் உள்ளே மரப்பலகையுமாக அமைந்தது. கண்காணிப்பாளர், இரண்டு உதவியாளர்கள், சமையலுக்கு ஒருவர், இவ்வளவுதான் குடியிருப்பு. குளிர்காலம் முழுவதற்குமான டின் உணவும் எரிபொருளும் கோடையிலேயே குதிரை மீது மேலே ஏறிவிடும். கீழே ஊருடன் தொடர்பு ஒரு தந்திக் கம்பி. அந்தக் கம்பி வழியாகவே ஒருமுறை மின்னல் உள்ளே புகுந்து அறையில் தீப்பற்ற வைத்தது. முதல் குளிர்காலத்தில் வாசலைப் பனி மூடிக்கொண்டே போக, வெளியே வருவதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு கோபுரம் எழுப்பி, அதன் மேல்பக்கத்தில் கதவு வைத்தார்கள். கீழ்வாசல் புதைந்தால் மேல்வாசல்.

மணிக்கொரு அளவீடு என்று எழுதிவிடுவது எளிது. ஜனவரி இரவில் அதன் பொருள் வேறு. முறைக்காரர் எண்ணெய்த்துணி அங்கியை மாட்டிக்கொண்டு, கைவிளக்குடன் கோபுரக் கதவைத் தள்ளித் திறந்து வெப்பமானிப் பெட்டிக்குப் போவார். அது ஏணி போன்ற நிறுத்தி ஒன்றில் மாட்டப்பட்டிருக்கும். தரையில் பனி உயர உயரப் பெட்டியையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் அளப்பது காற்றின் வெப்பமாக இராது, பனியின் வெப்பமாகிவிடும். உறைநிலைக்குக் கீழே மூடுபனி வீசும்போது, அதன் துளிகள் பட்ட இடத்திலேயே உறைந்து, காற்று வரும் திசையை நோக்கி இறகு இறகாக வளரும். சில மணி நேரத்தில் பெட்டியின் சட்டங்கள் அடைத்துப்போய் உள்ளே காற்றே புகாது. அப்போது அந்தப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து உருகவிட்டு, வேறு பெட்டியை மாட்டுவார்கள். மழைமானியும் அப்படியே: இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்து, விழுந்த பனியை உள்ளே உருக்கி அளப்பார்கள். காற்றுவேகமானி பெரும்பாலும் உறைந்துபோய் நின்றுவிடும். ஆகவே காற்றின் பலத்தை உடம்பால் உணர்ந்தே எழுதினார்கள். நிற்க முடிகிறதா, சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறதா, தவழ்ந்தால்தான் நகர முடிகிறதா என்பதே அளவுகோல். கடும் புயலில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போவதும் உண்டு. ஏடுகளில் இரவின் சில கட்டங்கள் வெறுமையாக இருப்பதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது.

உச்சியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே. பதிவான மிகக் குறைந்த அளவு 1894 ஜனவரியில் மைனஸ் 17.4 பாகை செல்சியஸ். ஆண்டு மழையும் பனியும் சேர்ந்து சுமார் 4,000 மி.மீ.; மலையடிவாரத்தில் ஏறக்குறைய அதில் பாதி. சூறைக்காற்று ஆண்டுக்குச் சராசரியாக 261 முறை. பெரும்பாலான நாட்கள் மேகத்துக்குள்ளேயே கழியும்; ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம் தவிர எதுவும் தெரியாது. ஆனால் உயரழுத்தம் நிலைகொள்ளும் குளிர்கால நாட்களில் நிலைமை தலைகீழாகும். குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட, கீழே ஊர் உறைந்து மூடுபனியில் கிடக்கும். உச்சியிலோ வெயிலும் வறண்ட காற்றும் ஊரைவிடக் கூடுதல் வெப்பமும் இருக்கும். இந்தத் தலைகீழ் நிலையை இத்தனை தொடர்ச்சியாக அளந்து காட்டியது ஆய்வகத்தின் உருப்படியான அறிவியல் பங்களிப்புகளில் ஒன்று. ஒப்பீட்டுக்காக 1890இல் ஃபோர்ட் வில்லியத்தில் ஒரு கீழ்நிலை ஆய்வகமும் திறக்கப்பட்டது.

தனிமையும் தூக்கக் குறைவும் ஊழியர்களை வாட்டின. அவர்களுக்கு ஓய்வு தர, கோடையில் பல்கலைக்கழக ஆட்கள் சில வாரங்கள் முறை மாற்றிக்கொள்ள வருவார்கள். அப்படி 1894 செப்டம்பரில் வந்தவர் சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் இயற்பியலாளர். காலை வெயிலில் உச்சியின் விளிம்பில் நின்றபோது, கீழே மேகத்தின் மீது விழுந்த தம் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிவதைக் கண்டார். அதைச் சோதனைச் சாலையில் செய்து பார்க்கும் ஆசையோடு கேம்பிரிட்ஜ் திரும்பியவர், கண்ணாடிக் கலனுக்குள் ஈரக்காற்றை விரித்து மேகம் உண்டாக்கினார். அந்த முயற்சி நகர்ந்து நகர்ந்து, மின்னூட்டம் பெற்ற துகள்கள் செல்லும் தடத்தைத் துளிக்கோடாகக் காட்டும் மேக அறையாக 1911இல் முடிந்தது. 1927இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசின் பாதி கிடைத்தது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் 1932இல் கண்டறியப்பட்டது மேக அறையில்தான். வானிலைக்காகக் கட்டிய வீடு அணுத்துகள் ஆய்வுக்குச் செய்த உதவி இது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இதை எழுதி நிதி கேட்டிருக்க முடியாது.

நிதியே கடைசியில் ஆய்வகத்தை மூடியது. ஆண்டுச் செலவு ஆயிரம் பவுண்டு அளவில் இருக்க, லண்டனின் வானிலை மன்றம் அளித்தது சொற்பமே. உச்சியிலிருந்து வந்த தந்திகளை அன்றாட வானிலை அறிவிப்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்ற தெளிவும் அப்போது எவருக்கும் இல்லை; அந்தக் கோட்பாடே பின்னால்தான் பிறந்தது. அரசு முன்வந்து தருவதாகச் சொன்ன 350 பவுண்டு போதாது என்று இயக்குநர்கள் முடிவு செய்ய, 1904 அக்டோபரில் கதவு மூடப்பட்டது. பக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்காக நடந்த சிறு விடுதி 1916 வரை தாக்குப்பிடித்தது. ஆய்வகம் இருந்த காலத்தின் இன்னொரு எச்சம் ஓட்டப்பந்தயம்: 1895இல் ஃபோர்ட் வில்லியத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்வான் என்ற முடிதிருத்துபவர், ஊரிலிருந்து உச்சிக்கு ஓடித் திரும்பி வர 2 மணி 41 நிமிடம் எடுத்துக்கொண்டார். இன்றும் ஆண்டுதோறும் பென் நெவிஸ் பந்தயம் நடக்கிறது.

ஏடுகள் அச்சாகி நூலகங்களில் கிடந்தன. 2017இல் ரீடிங் பல்கலைக்கழகம் இணையம் வழியே தன்னார்வலர்களை அழைத்தபோது 3,500 பேருக்கு மேல் முன்வந்து, உச்சியிலும் ஊரிலும் எடுத்த சுமார் 15 லட்சம் அளவீடுகளைக் கணினியில் ஏற்றினார்கள். அக்காலப் புயல்களை மறுபடி கணக்கிட்டு ஆராய்வோர் அவற்றை இப்போது பயன்படுத்துகிறார்கள். உச்சியில் இடிந்த கற்சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன. பழைய கோபுரத்தின் மீது மலையேறுவோருக்கான அவசரத் தங்குமிடம் ஒன்று இருக்கிறது.

பென் நெவிஸில் பணியாற்றிய வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸ், அதே மலையில் அளவெடுத்துப் பழகிய ராபர்ட் மோஸ்மன் ஆகியோர், 1902இல் ஸ்கோஷியா கப்பலில் தென்துருவப் பகுதிக்குச் சென்றார்கள். தெற்கு ஓர்க்னித் தீவுகளில் அவர்கள் 1903இல் கல்லால் கட்டிய நிலையத்துக்கு, பென் நெவிஸின் முதல் கண்காணிப்பாளர் நினைவாக ஓமண்ட் இல்லம் என்று பெயர். 1904இல் அது அர்ஜென்டினாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர்காதாஸ் என்ற பெயரில் அங்கே இன்றும் வானிலைப் பதிவு நடந்துவருகிறது.