பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியும் புக்கிட் தெங்காவும்

புக்கிட் தெங்கா, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் அமைந்த ஊர். மலாயில் ‘புக்கிட்’ என்றால் குன்று, ‘தெங்கா’ என்றால் நடு. பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்தாஜாம் போகும் ரயில் பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையம் உண்டு. பிறை, ஜூரு, புக்கிட் மின்யாக் ஆகியவை அக்கம்பக்கத்து ஊர்கள். கூட்டரசு நாடாளுமன்றத்தில் இவ்வூர் பத்து காவான் தொகுதிக்குள் (பி.046) அடங்குகிறது, மாநிலச் சட்டமன்றத்தில் ஊரின் பெயரையே தாங்கிய புக்கிட் தெங்கா தொகுதி (என்.17) உள்ளது. பத்து காவானுக்குள் அடங்கும் மற்ற இரு சட்டமன்றத் தொகுதிகள் பிறையும் (என்.16) புக்கிட் தம்புனும் (என்.18).

பத்து காவான் இளைய தொகுதி. 2003ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் பினாங்கின் நாடாளுமன்ற இடங்கள் 11இலிருந்து 13ஆகவும், சட்டமன்ற இடங்கள் 33இலிருந்து 40ஆகவும் உயர்ந்தபோது இது உருவானது. முதல் வாக்களிப்பு 2004இல் நடந்தது. தொகுதி இளையது, அதன் மண்ணோ பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறை முழுவதும் கரும்புத் தோட்டங்கள் பரவியிருந்தன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள்தாம் இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மூதாதையர். கரும்பு போய் ரப்பரும் தென்னையும் வந்தன, பிறகு செம்பனை வந்தது. 1970களில் பிறையில் தொழிற்பேட்டை எழுந்தது. 1985இல் முதல் பினாங்குப் பாலம் பிறையில் கரையேறியது. 2014 மார்ச் 1 அன்று திறந்த 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. தோட்ட லயங்கள் இருந்த நிலத்தில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகளும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. பத்து காவான், ஜூரு ஆகிய தோட்டங்களின் பெயர்கள் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்னும் இருக்கின்றன.

2004இல் இங்கே வென்றவர் அப்போது ஆண்ட தேசிய முன்னணிக் கூட்டணியின் உறுப்புக் கட்சியான கெராக்கானைச் சேர்ந்த ஹுவான் செங் குவான். நான்கே ஆண்டுகளில் காட்சி தலைகீழாக மாறியது. 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃப் கோலாலம்பூரில் நடத்திய பேரணி, மலேசிய இந்தியர்களின் அரசியல் மனநிலையையே புரட்டிப்போட்டிருந்தது. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில், 1990 முதல் பினாங்கு முதலமைச்சராக இருந்த கெராக்கான் தற்காலிகத் தலைவர் கோ சு கூன், மாநில அரசியலை விட்டு நாடாளுமன்றம் போக முடிவெடுத்து, தம் கட்சிக்குப் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட பத்து காவானைத் தேர்ந்தெடுத்தார். எதிரே ஜனநாயகச் செயல் கட்சி (ஜசெக) நிறுத்தியவர் பேராசிரியர் பி. இராமசாமி. வாக்குகள் எண்ணி முடிந்தபோது முதலமைச்சர் 9,485 வாக்கு வித்தியாசத்தில் தோற்றிருந்தார். அதே இரவு மாநில ஆட்சியும் கைமாறியது: 40 இடங்களில் 29 எதிர்க்கட்சிகளுக்கு, 11 தேசிய முன்னணிக்கு.

வென்றவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்த இராமசாமி, தீபகற்ப மலேசியாவின் தோட்டத் தொழிலாளர், அவர்களின் சங்கங்கள், முதலாளிகள், அரசு ஆகியவற்றுக்கிடையிலான உறவை ஆராய்ந்து 1994இல் நூல் வெளியிட்டவர். தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதிய ஒருவரை, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாக்களித்து அனுப்பினார்கள். அத்தேர்தலில் அவர் பிறை சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். பினாங்குச் சட்டமன்றத் தொகுதிகளிலேயே இந்திய வாக்காளர் விழுக்காடு மிகுந்தது அது. இரண்டாம் துணை முதலமைச்சர் பதவியையும் ஏற்று, அப்பொறுப்பை வகித்த முதல் தமிழர் ஆனார். மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கான சிறப்புக் குழுவும் பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் அவர் தலைமையில் இயங்கின.

2013இல் இராமசாமி சட்டமன்றத்தோடு நின்றுகொள்ள, நாடாளுமன்றத்துக்கு ஜசெகவின் கஸ்தூரி பட்டு வந்தார். இவர் 1987 ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்ட ஜசெக தலைவர் பி. பட்டுவின் மகள். 2018இலும் வென்று இரு தவணை பணியாற்றினார். மரண தண்டனை ஒழிப்பை அவையில் விடாமல் வலியுறுத்தியவர்களில் ஒருவர். ஆக 2008 தொடங்கி 2022 வரை பதினான்கு ஆண்டுகள் இத்தொகுதியின் குரல் தமிழரின் குரலாக இருந்தது. இந்திய வாக்காளர் பெரும்பான்மை பெற்ற நாடாளுமன்றத் தொகுதி மலேசியாவில் ஒன்றுகூட இல்லை என்பதை நினைத்தால் இதன் எடை புரியும்.

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் கஸ்தூரி போட்டியிடவில்லை. 2018 முதல் முதலமைச்சராக இருக்கும் சௌ கொன் இயோவ் ஜசெக வேட்பாளராக நின்று வென்றார். பாடாங் கோத்தா சட்டமன்ற உறுப்பினராகவும் இருப்பவர் அவர். முன்பு ஒரு முதலமைச்சரைத் தோற்கடித்த தொகுதி, பதினான்கு ஆண்டுகள் கழித்து இன்னொரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுத்தது.

புக்கிட் தெங்கா சட்டமன்றத் தொகுதியின் கதை இவ்வளவு கொந்தளிப்பானதன்று. 2008, 2013 தேர்தல்களில் மக்கள் நீதிக் கட்சியின் (பிகேஆர்) ஓங் சின் வென் வென்றார். 2018இலும் 2023இலும் அதே கட்சியின் கூய் சியாவ் லியோங். வழக்கறிஞரான இவர் அதற்கு முன் கெடாவின் அலோர் ஸ்டார் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். புக்கிட் தம்புனும் 2008 முதல் பிகேஆர் வசமே.

ஒரே ஊருக்கு இரு பிரதிநிதிகள் ஏன் என்று கேட்போருக்குத் தமிழ்ப்பள்ளியே நல்ல விளக்கம். கல்வி கூட்டரசின் பொறுப்பு. ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் கட்டட மானியமும் கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் முடிவாகின்றன. நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்டம் விற்கப்பட்டு, பள்ளியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்தால், நிலத்துக்கு மாநில அரசிடமும் கட்டடத்துக்குக் கல்வி அமைச்சிடமும் பெற்றோர் அலைய வேண்டும். இரண்டு அரசுகளும் எதிரெதிர் அணிகளாக இருந்த 2008–2018 காலத்தில் இந்த அலைச்சல் எளிதாக இருந்திருக்க முடியாது. குடியுரிமை, காவல், மருத்துவமனை ஆகியவையும் கூட்டரசைச் சேர்ந்தவையே. குடியுரிமைக்கு அடையாளமான நீல அடையாள அட்டை கிடைக்காத குடும்பம் முதலில் தட்டுவது நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்தின் கதவைத்தான்.

வாக்குச்சீட்டால் தீராத சிக்கல்களும் உண்டு, ஜூரு ஆறு அதற்குச் சான்று. பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு 1970களில் இவ்வாற்றைக் கெடுத்தது. முகத்துவாரத்தை நம்பிப் பிழைத்த கோல ஜூரு மீனவர்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுப் போராடினார்கள். மலேசியச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் தொடக்கப் பக்கங்களில் அவர்களுக்கு இடமுண்டு. அந்த மீனவர்களின் இழப்பு எந்தத் தேர்தல் முடிவாலும் ஈடாகவில்லை.

பினாங்கு தன் சட்டமன்றத்தை 2022இல் கலைக்காததால், மாநிலத் தேர்தல் 2023 ஆகஸ்ட் 12 அன்று தனியாக நடந்தது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்து, வாக்காளர் பதிவைத் தானியங்கியாக்கிய திருத்தம் 2021 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருந்தது. பிறையில் இராமசாமிக்குப் பதிலாக ஜசெகவின் சுந்தரராஜு நின்று வென்று, வீடமைப்பு, சுற்றுச்சூழல் துறைகளுக்கான ஆட்சிக்குழு உறுப்பினரானார். இராமசாமி அதே ஆகஸ்டில் ஜசெகவை விட்டு விலகி, பிறகு ‘உரிமை’ கட்சியைத் தொடங்கினார்.

குப்பை, வடிகால், தெருவிளக்கு, சந்தை ஆகியவற்றைப் பார்க்கும் ஊராட்சி என்னும் மூன்றாம் தளத்துக்கு மட்டும் வாக்குச்சீட்டு இல்லை. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951இல் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை முற்றாக நீக்கியது. 2012இல் பினாங்கு தனிச்சட்டம் இயற்றி அவ்வுரிமையை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியை ஏற்கவில்லை. 2019 செப்டம்பரில் மாநகர் அந்தஸ்து பெற்ற செபராங் பிறையின் மன்றத்துக்கு, புக்கிட் தெங்காவின் தெருக்களைக் கவனிக்கும் உறுப்பினர்களை இன்றும் மாநில அரசே நியமிக்கிறது.