பொதிக்குள் பொதிந்த ஏடு: கணினிக் கோப்புக்களின் வரலாறும் கட்டுக்கரை ஆவணங்களும்

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பிலே அமைந்துள்ள கட்டுக்கரைக்குளம் ஈழத்தின் தொன்மை வாய்ந்த நீர்நிலைகளுள் ஒன்றாகும். அருவியாற்றின் நீர் தேக்கம் என்னுமிடத்து அணையால் மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியே இக்குளத்தை வந்தடைகின்றது. பின்னர் துருசுகளின் ஊடாக வெளியேறிப் பல சிறுகுளங்களையும் வயல்களையும் அடைகின்றது. எந்த வாய்க்காலுக்கு எத்துணை நீர், சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பன ஆண்டுதோறும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களிலே தீர்மானிக்கப்படுகின்றன. இக்கூட்டங்களின் குறிப்புக்கள் ஒரு காலத்தில் கையெழுத்திலும் தட்டச்சிலும் பேணப்பட்டவை; இன்று கணினியில் எழுதப்படுபவை. கட்டுக்கரைக் கமக்காரரின் நீர்ப்பங்கு வரலாற்றை எதிர்காலத்தில் எழுதப் புகுவோன் ஓலையையோ தாளையோ அல்ல, கணினிக் கோப்பையே முதன்மைச் சான்றாகக் கைக்கொள்ள வேண்டியவனாவான். அச்சான்றின் இயல்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று பெருவழக்கிலுள்ள சொற்செயலிக் கோப்பு ஒன்றைத் திறப்போர் அதனை ஒற்றை ஆவணமாகவே காண்கின்றனர். உண்மையில் அஃது ஒற்றை ஆவணமன்று. பல சிறு கோப்புக்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதியாகும். மைக்ரோசொப்ட் வேர்ட் செயலியின் 'டொக்எக்ஸ்' கோப்பின் பெயரிறுதியை 'ஸிப்' என மாற்றித் திறப்பின், உள்ளே உரை ஒரு கோப்பாகவும், எழுத்தமைதி மற்றொன்றாகவும், படங்கள் தனிக்கூடையிலும், ஆக்கியோன் பெயர், ஆக்கிய நாள் முதலிய விவரங்கள் வேறொரு கோப்பிலும் இருத்தலைக் காணலாம். விரிதாள், முன்வைப்புக் கோப்புக்கள், மின்னூல்களுக்குரிய 'ஈபப்', ஜாவா மொழியின் 'ஜார்', அன்ட்ரொயிட் கைப்பேசிச் செயலிகளின் 'ஏபிகே' ஆகிய யாவும் இவ்வகையினவே. பெயர் பலவாயினும் உள்ளுறை ஒன்றே.

இப்பொதியின் வரலாறு இரு கிளைகளை உடையது. முதலாவது சுருக்கக் கலையின் வரலாறு. 1952இல் டேவிட் ஹஃப்மன் அடிக்கடி வரும் குறிக்குக் குறுகிய குறியீட்டையும் அருகி வரும் குறிக்கு நீண்ட குறியீட்டையும் வழங்கும் முறையை வெளியிட்டார். 1977இல் ஜேகப் சிவ், ஆபிரகாம் லெம்பல் ஆகிய இஸ்ரேலிய அறிஞர் இருவர், முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமிடத்து அதனைத் திரும்ப எழுதாது, 'இத்துணைத் தொலைவு பின்சென்று இத்துணை நீளம் எடுத்துக்கொள்க' எனச் சுட்டும் முறையைக் கண்டனர். தமிழ் மரபுக்கு இது முற்றிலும் புதுமையன்று. நம் முன்னோர் உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் முன் சொன்னதைத் திரும்ப எழுதாது '௸' என்னும் மேற்படிக் குறியால் சுட்டினர். நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்கும் ௳, ௴, ௵ எனத் தனிக்குறிகள் இருந்தன. மனிதன் கண்ணால் படிப்பதற்காகச் செய்த சுருக்கம் அது; இயந்திரம் விரிப்பதற்காகச் செய்த சுருக்கம் இது. வேறுபாடு அவ்வளவே.

இரண்டாவது கிளை பொதியின் அமைப்பைச் சார்ந்தது. 1980களில் தொலைபேசிக் கம்பி வழியாகக் கோப்புக்களைப் பரிமாறியோருக்கு இடமும் நேரமும் அருமையாக இருந்தன. அக்காலை 'ஆர்க்' என்னும் பொதிமுறை வழங்கிற்று. அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்தவரான பில் கட்ஸ் அதனினும் விரைவான செயலியொன்றை வெளியிட, ஆர்க் உரிமையாளர் 1988இல் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அதன் விளைவாகக் கட்ஸ் 1989இல் ஸிப் என்னும் புதிய அமைப்பை உருவாக்கி, அதன் இலக்கணத்தை எவரும் பயன்படுத்தலாம் என வெளியிட்டார். ஸிப் பொதியினுள் ஒவ்வோர் உறுப்பின் தொடக்கத்திலும் அவர் பெயரின் முதலெழுத்துக்களான 'பி', 'கே' என்பன இன்றும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் 37 வயதிலே காலமானார். அவர் பெயரறியாத கோடிக்கணக்கானோரின் கோப்புக்களில் அவ்விரு எழுத்துக்களும் நிலைத்துள்ளன.

இலக்கணம் திறந்து வைக்கப்பட்டமையே ஸிப் பொதியின் வெற்றிக்குக் காரணமாயிற்று எனலாம். மேற்கூறிய இரு முறைகளையும் இணைத்து அதிற் கையாளப்பட்ட 'டிஃப்ளேட்' சுருக்கம் 1996இல் பொது இணைய விவரக்குறிப்பாக வெளியாயிற்று. 1997இல் வெளிவந்த ஜாவாவின் 1.1ஆம் பதிப்பு இதனை ஏற்றது. 2005இல் திறந்த ஆவண வடிவமும், 2006இல் மைக்ரோசொப்டின் புதிய ஆவண வடிவமும், 2007இல் ஈபப் மின்னூலும் இதன் மேலேயே நியமங்களாயின. அதற்கு முன் வழங்கிய பழைய 'டொக்' கோப்பு மூடிய பெட்டி போன்றது. அதன் இலக்கணத்தை மைக்ரோசொப்ட் 2008இலேயே முழுமையாக வெளியிட்டது.

இனி, வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க மூன்று செய்திகள் உள. முதலாவது, தேதி பற்றியது. ஸிப் பொதியின் நாட்குறிப்பு 1980ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நாளைக் குறிக்க இயலாதது. வேர்ட் செயலி தன் பொதியின் உள்ளுறுப்புக்களுக்கு உண்மை நாளைக் குறிக்காது 1980 சனவரி 1 எனவே பொறித்து விடுகின்றது. இதனை அறியாதவன் அண்மைக் காலக் கூட்டக் குறிப்பொன்றை 1980க்கு உரியதெனக் கொள்ளக்கூடும். மெய்யான நாள் உள்ளிருக்கும் விவரக் கோப்பிலே உண்டு. ஆயினும் அதுவும் எழுதியோரின் கணினிக் கடிகாரத்தை நம்பி நிற்பதே. திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி இயக்கப்பட்டிருப்பின், நீக்கப்பட்ட சொற்களும் நீக்கியோர் பெயரும் உள்ளே தங்கியிருக்கும். ஏக்கர்க் கணக்கு எப்போது, எவரால் மாற்றப்பட்டது என்னும் வினாவுக்கு விடை அச்சுத்தாளில் அன்றிப் பொதிக்குள்ளேயே கிடைத்தல் கூடும்.

இரண்டாவது, எழுத்து பற்றியது. ஈழத்தில் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருவிலே தமிழ் தட்டச்சுச் செய்யப்பட்டது. அதில் 'அம்மா' என்னும் சொல் கோப்பினுள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் ஆங்கிலக் குறிகளாகவே பதிந்துள்ளது. தமிழ் வடிவத்தைக் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. அத்தகைய கோப்பைப் புதிய பொதிவடிவுக்கு மாற்றினும் உள்ளிருப்பது தமிழாவதில்லை. 1991 முதல் தமிழுக்கும் இடமளித்த ஒருங்குறியே இக்குறையை நீக்கிற்று. எனினும் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொள்ளும். 'கட்டுக்கரை' என்னும் ஒரு சொல்லே 10 குறியீடுகளால் 30 பைட் ஆகின்றது. ஆயினும் அம்மூன்றில் முதற்பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டிலொன்றே. ஆதலின் சுருக்கமுறை இம்மிகையிற் பெரும்பகுதியை அகற்றிவிடுகின்றது. தமிழ் இடமதிகம் கொள்ளும் என்னும் பழைய முறையீடு பொதிக்குள் வலுவிழக்கின்றது.

மூன்றாவது, அழிவு பற்றியது. ஓலையைச் சிதல் அரித்தால் அரித்த எழுத்துக்களே போகும், எஞ்சியவற்றைப் படிக்கலாம். சுருக்கிய உரையிலோ முன்னதைச் சுட்டியே பின்னது நிற்றலால், ஓரிடத்துப் பழுது அதன் பின்வரும் அனைத்தையும் பாழாக்க வல்லது. மேலும் ஸிப் பொதியின் பொருளடக்கம் அதன் இறுதியில் உள்ளது. இறுதிப்பகுதி அறுந்த கோப்பு திறவாது. ஆயினும் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே சுருக்கப்பட்டுத் தனித்தலைப்பும் கொண்டிருத்தலால், அறிந்தோர் எஞ்சிய உறுப்புக்களை மீட்டெடுத்தல் கூடும். சிறுகுளமொன்றின் கரை உடைந்தால் அதன் நீர் மட்டுமே போவது போன்றது இது.

1981 யூன் 1ஆம் நாளையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே பிரதி ஓரிடத்தே இருந்தமையின் கொடுமையை அன்று ஈழத்தமிழர் உணர்ந்தனர். பின்வந்த போரும் இடப்பெயர்வும் வன்னியிலும் மன்னாரிலும் எண்ணற்ற இல்ல ஆவணங்களையும் அலுவலக ஆவணங்களையும் சிதைத்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அச்சேறியவற்றை மின்வடிவிற் காக்கும் பணியிலே பெருந்தொண்டாற்றி வருகின்றன. ஆனால் தொடக்கத்திலேயே மின்கோப்பாகப் பிறந்து, அச்சேறாதே மறையும் ஊர்ச்சங்கக் குறிப்புக்களைக் காப்போர் அரியர்.

2016, 2017ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் கட்டுக்கரையிலே நிகழ்ந்த அகழாய்வு, மண்ணடுக்குக்களைப் பிரித்தறியும் பயிற்சியால் மட்டுமே பயன் தந்தது. நாளைய ஆய்வாளனுக்குக் கோப்பின் அடுக்குக்களைப் பிரித்தறியும் பயிற்சியும் வேண்டும். இன்றைய தலைமுறையின் கடன் எளிதானது: ஒருங்குறியில் எழுதுதல், இலக்கணம் வெளியான வடிவங்களைக் கைக்கொள்ளுதல், மூலக்கோப்பை மாற்றாது வைத்தல், பிரதிகளை வெவ்வேறிடங்களிற் பேணுதல். ஒரு குளத்தின் நீரை நம்பி வயல்கள் பல வாழ்தலின் கரையைக் காப்பது ஊரார் அனைவர்க்கும் பொதுக்கடனாயிற்று. அந்நீரைப் பங்கிட்ட கதையைத் தாங்கி நிற்கும் கோப்புக்களைக் காப்பதும் அத்தகையதே.